இரண்டு வள்ளம் சாமை

கள்ளக்குறிச்சியில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடையில் நான் வேலை பார்த்தேன். தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது நான் சொல்கிறேன். அன்றைக்கு என்னைப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மனுவில் ஒரே ஒரு எழுத்து தவறினாலும் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து அடிப்பேன். பிழையில்லாமல் அடித்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் வடக்கனந்தலில் இருந்து சைக்கிளில் கிளம்பி, மரம் கிடக்கிற இடத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டித்தான் கடைக்கு வருவேன். எங்கள் வீட்டு ஆண்களும் சாலையில் உட்கார்ந்தவர்கள்தான். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது. ஊர் முழுக்கச் சாதிச் சான்றிதழ் பற்றிய பேச்சாக இருந்ததால் கடைக்கு வருகிற மனுக்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான் இருக்கும்.

அந்தக் கடைக்குத்தான் எங்கள் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வருவார். டெல்லிக்குப் போகிற ஆள் என்றால் காரும் கூட நாலு பேரும் வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். குடையை வாசலில் சாத்திவிட்டு, தனக்கு முன்னால் வந்தவர்கள் முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எழுந்து இடம் கொடுத்தால் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார். அவர் குரல் பக்கத்து மிஷினின் சத்தத்தில் அமுங்கிப்போகும். இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவர் அத்தனை பெரிய சபையில் என்ன பேசிவிடப் போகிறார் என்று எனக்குள் ஒரு இளக்காரம் இருந்தது.

நாடாளுமன்றத்தில் கேட்கிற கேள்விக்கு இத்தனை வார்த்தைதான் என்று கட்டு உண்டு. இத்தனை நாள் முன்னதாக டெல்லி போய்ச் சேர வேண்டும் என்பதும் உண்டு. வந்த கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்களாம். அவர் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் அடிப்பேன். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பார். "இத எடுத்துட்டா இன்னா ஆவும்?" என்பார். ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னால், "அப்ப எடுத்துடும்மா" என்பார். அப்படிச் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் நிற்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: நிலம், பள்ளிக்கூடம். வேறு கேள்வியே தோன்றாதா இவருக்கு என்று நான் அலுத்துக்கொண்டது உண்டு.

ஒருநாள் கல்வராயன் மலையில் இருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தாள். அவர்கள் ஊரில் அதுவரை அவ்வளவு தூரம் படித்தவர்கள் யாரும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அலுவலகத்தில், மலைக்காரர்கள் என்பதற்கு என்ன ஆதாரம், பட்டா இருந்தால் கொண்டு வா என்றார்களாம். பட்டா யாரிடமும் இல்லை. ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்து வருஷக்கணக்கு ஆகியும், எது காடு, எது உழுகிறவன் நிலம் என்று யாரும் அளந்து முடிக்கவில்லை. இதற்கிடையில் வனத்துறைக்காரர்கள் எல்லைக்கல் நடப்போகிறார்கள், கல்லுக்கு உள்ளே மாட்டிய கொல்லை நிலமெல்லாம் போய்விடும் என்று வேறு மலைமேல் ஒரே பேச்சு.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாங்கள் பங்கு கேட்டு மரம் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். இவர்களுக்குப் பங்கு சட்டத்திலேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு தாள்தான் இல்லை. நிலத்துக்குத் தாள் இல்லாததால் படிப்புக்கும் தாள் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர், சபையில் இதைக் கேள்வியாகக் கேட்கலாம், ஆனால் யார் எவ்வளவு நிலம் உழுகிறார்கள் என்று வீடுவாரியாக ஒரு பட்டியல் வேண்டும் என்றார். வெறும் கையோடு கேட்டால் வெறும் பதில்தான் வரும் என்றார். பட்டியல் எழுத யார் போவது என்று பேச்சு வந்ததும் நானே முந்திக்கொண்டு போகிறேன் என்றேன். தலைக்கனம்தான், வேறென்ன.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறி, இறங்கிய இடத்தில் இருந்து அந்தப் பெண்ணோடு சில மைல் நடந்தேன். வீடு வீடாகப் போய், எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்டேன். முதல் வீட்டில், எங்களுக்கு ஏதுங்க நிலம் என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில். கடைசி வீடு வரைக்கும் அதே பதில். மகளுக்காகக் கள்ளக்குறிச்சி வரை நடையாய் நடந்த அந்த அம்மாவும், தன் வீட்டுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, நிலம் இல்லை என்றார். கூட வந்த பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொரு பெயருக்கும் நேராக "இல்லை", "இல்லை" என்று முத்து முத்தாக எழுதினேன். மத்தியானம் அந்த அம்மா வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, முழங்காலில் உரசுகிற சாமைக் கதிரை விலக்கிக்கொண்டே பஸ்ஸுக்கு இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் பட்டியலை ஒரு பிழையும் இல்லாமல் அடித்து உறுப்பினரிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோபப்படவில்லை.

"மேல இன்னாம்மா சாப்ட்ட?" என்று கேட்டார்.

சாமைச் சோறு என்றேன்.

"அது எங்க வெளஞ்சுது?"

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ என்னைக் குத்திக்காட்டாமல் விஷயத்தைச் சொன்னார். ஜாகிர் காலத்தில் ஏர் பூட்டினால் ஏருக்கு வரி, மண்வெட்டியால் கொத்தினால் கொத்துக்கு வரி. தாளும் பேனாவுமாக மலை ஏறியவன் எவனும் எதையும் கொடுக்க வந்ததில்லை. அதனால் தாளைப் பார்த்ததும் நிலம் இல்லை என்று சொல்லக் குழந்தைகூடப் பழகிவிட்டது. இத்தனை காலம் அவர்களைக் காப்பாற்றிய பொய் அது. இப்போது எல்லைக்கல் நட வருகிறவர்களுக்கு அதே பொய்தான் வசதி. இந்தப் பட்டியலை அவர் சபையில் வைத்தால், அங்கே உழுகிறவர்கள் யாருமே இல்லை என்று அவர்கள் வாயாலேயே சொன்னதாகிவிடும். அந்தப் பெண்ணின் படிப்பும் அதோடு சரி.

கேள்வி டெல்லி போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் சாலையெல்லாம் மரம். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், நானும் கூடவே கிளம்பினேன். கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கிடைத்த இடத்தில் கிடைத்த வண்டியைப் பிடித்து, மீதியை நடந்து, மறுநாள் காலை மலையில் இருந்தோம். வழியில், வெட்டிச் சாய்த்த மரத்தருகே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் அவரிடம், எங்களுக்காகவும் டெல்லியில் பேசுங்கள் என்றார்கள். பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன், இப்போது மலைக்குப் போகணும் என்றார். வழிவிட்டார்கள்.

மேலே ஊர் கூடியது. அவர் நிலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் யார் எவ்வளவு விதைத்தீர்கள் என்று கேட்டார். அந்த மலையில் விதையை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். விதைக்குதிர் காலியாகவே இருந்தாலும் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் அடுத்த விளைச்சல் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர்களை மடக்கிப் பிடிக்க அவர் விரும்பவில்லை. நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வோம், டெல்லியில் படிப்பேன், ஊர்ப் பெயரோடு படிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த அம்மா எழுந்தார்.

"எழுதுனா வரி போடுவாங்க. எழுதலன்னா கல்லு நட்டுப் புடுங்கிக்குவாங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் உறுப்பினரைப் பார்த்தேன். அரசியல்வாதி, ஏதாவது இனிப்பாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "கேட்டா கெடைக்கும்னு சொல்ல முடியாது. கேக்காத இருந்தா போயிடும், அது மட்டும் நிச்சயம்."

அந்த அம்மா மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வள்ளம் சாமை. எழுதிக்கோ பாப்பா" என்றார். ஒரு வள்ளம் என்றால் நாலு படி. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒரு வள்ளம், மூணு வள்ளம், ஆறு படி. நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனேன். இவ்வளவு பெரிய விஷயத்தை என் வாழ்க்கையில் அதுவரை நான் எழுதியதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இறங்கி வரும்போது அந்தப் பெண்ணிடம், அன்றைக்கு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா இல்லன்னு சொல்லும்போது நான் எப்பிடி இருக்குதுன்னு சொல்றது?" என்றாள். நியாயம்தான்.

கடையில் உட்கார்ந்து, இத்தனை விதைக்கு இத்தனை நிலம் என்று கணக்குப் போட்டு வள்ளத்தை ஏக்கராக மாற்ற ஆரம்பித்தேன். அவர் தடுத்து, விதை அளவும் அப்படியே பக்கத்தில் இருக்கட்டும் என்றார். அவர்கள் சொன்ன அளவு அதுதான், நாம் மாற்றியதுதான் ஏக்கர் என்றார். கேள்வி குலுக்கலில் விழுந்தது. வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே விழுந்தது. தமிழில் பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாராம். மொழிபெயர்ப்பாளர் வந்து வள்ளம் என்றால் என்ன என்று கேட்க, நாலு படி என்றிருக்கிறார். படி என்றால் என்ன என்று கேட்டாராம். திரும்பி வந்து இதைச் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சபை நடவடிக்கையின் பிரதி தபாலில் வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மிஷின் சத்தத்தில் அமுங்கிப்போகும் அந்தக் குரல், மலையில் ஒரு அம்மா எழுந்து சொன்ன இரண்டு வள்ளத்தை நாட்டின் பெரிய சபையில் படித்திருக்கிறது. நேரம் ஆகிவிட்டது என்று சபாநாயகர் மணி அடித்திருக்கிறார், அதற்கு மேலும் இரண்டு வீடு படித்திருக்கிறார். அச்சில் அப்படியே இருந்தது. அந்த இளக்காரத்தை நினைத்து அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கடையில் எல்லோரும் பார்க்கத்தான்.

மந்திரியின் பதிலைப் படித்ததும் மறுபடி எரிச்சல் வந்தது. தகவல் திரட்டி அவையின் மேசையில் வைக்கப்படும் என்று ஒரே வரி. எங்கள் மனுக்களுக்கு வருகிற "ஆவன செய்யப்படும்" போலத்தானே இதுவும் என்று அவரிடம் குமுறினேன். அவர் ஆற அமரச் சொன்னார்: சபையில் சொன்ன வார்த்தை அது, நிறைவேற்றும்வரை கேட்டுக்கொண்டே இருக்க அங்கே ஒரு குழு இருக்கிறது, தகவல் திரட்ட வேண்டும் என்றால் யாராவது மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறினார்கள். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வருஷம் அம்மாவோடு களை எடுத்தாள். அடுத்த வருஷம், நில விசாரணையில் எழுதிய வாக்குமூலத்தையே ஆதாரமாக வைத்துச் சான்றிதழ் வாங்கிப் பயிற்சியில் சேர்ந்தாள். பட்டா சிலருக்கு வந்தது, பலருக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. எல்லாம் ஜெயித்துவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன், பிழையில்லாத பொய் ஒன்றை ஏற்கெனவே அடித்தாயிற்று.

அளக்க வந்த நாளில் உறுப்பினர் டெல்லியில் இருந்தார். பட்டியலின் கார்பன் பிரதியோடு நான்தான் போயிருந்தேன். அளவுச் சங்கிலி, பெரிய நோட்டு, பேனாவோடு ஒரு அலுவலர். ஊரே விலகி நின்றது. பழைய முகம் எல்லோருக்கும் திரும்பியிருந்தது. பட்டியலில் விதை அளவு இருக்கலாம், நிலம் இருக்கிறது என்று இன்னும் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. இப்போது இல்லை என்றால் நோட்டில் ஏறப்போவது அதுதான்.

அலுவலர் முதல் பெயரைப் படித்தார். அந்த அம்மா முன்னால் வந்தார்.

"நெலம் இருக்குதா?"

அதற்குப் பதில் சொல்கிற உரிமை மகளுக்கோ எனக்கோ இல்லை.

"இருக்குதுங்க," என்றார் அந்த அம்மா.

சங்கிலியை இழுக்கிற சத்தத்தில் அலுவலருக்குக் கேட்கவில்லை. என்ன என்று மறுபடி கேட்டார். அந்த அம்மா இந்த முறை அவரைப் பார்க்கவில்லை. ஊரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இருக்குது. அதோ, அது என்னுது."

அடுத்த பெயரைப் படிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே முன்னால் வந்து நின்றார்.