நிழலுக்கு அடித்த முளைகள்

எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எதையாவது மறந்திருந்தால், முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாலு வருஷம் இருக்கும். ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். அங்கே இயற்பியல் மன்றம் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஆனால் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு மரத்தைத் தலைகீழாகப் பார்ப்பார்கள். நான் விளக்குமாற்றோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன்.

மன்றத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அவள் அப்பா மீன்பிடிக்கப் போன இடத்தில் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் இருந்தார். பத்தாவதோடு போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மன்றத்து சார் வீட்டுக்கே போய்ப் பேசினார். புதுக்கோட்டை அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கட்டும், மேலே படிக்க வைக்கிறேன் என்று பெரியப்பா இறங்கி வந்தார்.

அதற்காக அவள் எடுத்த வேலை, நிழலை அளப்பது. மைதானத்தில் ஒரு கம்பியை நட்டாள். ஆனி மாதத்திலிருந்து வெள்ளிதோறும் உச்சிப்பொழுதில் அதன் நிழல் முடிகிற இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை முளையாக அடிப்பாள். பையன்கள் அவளை முளைக்காரி என்று கேலி செய்வார்கள். ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"பாருங்க ஆத்தா, இன்னைக்கு கம்பிக்கு நெழலே இல்ல."

உண்மைதான். இத்தனை வருஷம் வெயிலில் நடந்தவள், அன்றைக்குத்தான் அதைக் கண்டேன். அப்புறம் நிழல் மறுபக்கம் வளர்ந்தது. முளைகளும் அங்கிட்டு நீண்டன. பொங்கல் லீவு முடிந்ததும் அத்தனையையும் நூல் பிடித்து அளந்து நோட்டில் ஏற்றுவதாக இருந்தாளாம். அது எனக்குத் தெரியாது.

பள்ளியில் பொங்கல் வைத்த அன்று, செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைகள் காலில் குத்துமே என்று ஒவ்வொரு முளையாகப் பிடுங்கினேன். நிழல்தான் விழுந்து போய்விட்டதே, இனி முளை எதற்கு என்று நினைத்தேன். மண்ணைத் துடைத்துக் கட்டாகக் கட்டி வைத்தேன். அந்த இடத்தில் சாணி தெளித்துப் பெரிய கோலமும் போட்டேன்.

அவள் வந்ததும், ஒன்றுகூடக் குறையவில்லை என்று பெருமையாகக் கட்டை நீட்டினேன். கட்டைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. சார் வந்து யார் பிடுங்கியது என்று கேட்டார்.

"நாந்தான் சார். கோலத்துக்கு எடஞ்சலா இருந்துச்சு" என்று அவள் முந்திக்கொண்டாள்.

ஏழு மாத வேலை போச்சே என்று எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. பயமும் கூச்சமும்தான்.

பிறகு தனியாகப் பிடித்து, ஏன் தாயி அப்படிச் சொன்னாய் என்று அழுதேன்.

"ஒங்களத் திட்டுனா நாளைக்கு நீங்க வேலைக்கு வர மாட்டீங்க ஆத்தா. என்னையத் திட்டுனா நான் வருவேன்ல" என்று சிரித்தாள்.

கண்காட்சிக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். தன் வேலையைத் தானே பிடுங்கிப் போட்டவளுக்கு மேல்படிப்பு எதற்கு என்று பெரியப்பா கேட்டாராம். சாரும் மறுபடி போய்ப் பேசவில்லை. கூடப் படித்தவர்கள் பிளஸ் ஒன் சேர ஆவுடையார்கோவில் பஸ் ஏறிய வாரம், அவள் திருப்பூர் பஸ் ஏறினாள்.

சார் மாற்றலாகிப் போய்விட்டார். இதைப் படித்தால் அவர் தெரிந்துகொள்ளட்டும், பிடுங்கியவள் நான்.

முளைக்கட்டு என்னிடம்தான் இருக்கிறது. நிழல் இல்லாத அந்த நாள் ஆவணியில் வந்ததாக நினைவு. வருஷா வருஷம் வாசலில் ஒரு குச்சி நட்டுப் பார்க்கிறேன், மேகம் மறைத்துவிடுகிறது. ஆவணிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவள் இங்கே இருந்திருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன்.