இடது காலுக்கு ஒன்றுமில்லை

முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு எலும்புதான் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன். இரண்டாம்! போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

"உள்பக்கம் தடியா இருக்கே, அதுதான் உங்க பாரத்தைச் சுமக்குது. வெளிப்பக்கம் ஒல்லியா ஒண்ணு... அது ஒடிஞ்சிருக்கு. ரெண்டு வாரமா இதோடயா நடந்தீங்க?"

நடந்தேன். நடக்காமல் எப்படி?

நான் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரன். தறிக்கூடத்தில் பாவு நூல் சுற்றிய கனமான பீம் உருண்டு வந்து வலது காலின் வெளிப்பக்கம் மோதிவிட்டது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தேவதானத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முன்பு வந்த ஒரு வரன், என் மச்சினனின் மாறுகண்ணைப் பார்த்துவிட்டு, 'குடும்பத்துலயே கோளாறு' என்று திரும்பிப் போயிருந்தது. இப்போது பெண்ணைப் பெற்றவனே நொண்டினால்?

உடனே ராஜபாளையம் போனேன். "வேட்டியைத் தூக்கிட்டுப் படுங்க" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். பக்கத்தில் நர்ஸம்மா! கூச்சத்தில், கால் வைக்கிற பக்கம் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். வலது கால் இருக்க வேண்டிய இடத்தில், அவர் பக்கம் இருந்தது இடது கால். அதையே படம் எடுத்தார். சொல்லலாமா, வேண்டாமா... என்று நான் யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்தார். அதே இடது காலை அமுக்கினார். "வலிக்குதா?"

"இல்ல சார்." உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மெட்டடோர் வேனில் வந்து கும்பலாக நுழைந்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி இடது காலில் நின்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் நாற்காலியில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும்."

"அட, எம்புட்டு நேரம் நிப்பீங்க?"

"இருக்கட்டும்..."

உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டுமே!

"பாத்தியா மாப்ளே, மரியாதை தெரிஞ்ச மனுஷன்! பொண்ணும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

வேன் தெரு முனை தாண்டியதும் நொண்டினேன். அதற்குப் பிறகும் ஒரு வாரம் மழுப்பினேன். கடைசியில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் காலைப் படம் எடுத்தாக?"

"இடது."

"வலிக்கது?"

"வலது."

"அங்கனயே சொல்ல வாய் இல்லையா?"

"நர்ஸம்மா நின்னாக..."

அவள்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறவன் காலில், முதல் முறையாக மாவுக்கட்டு.

சேதி தேவதானத்துக்கு எட்டாமல் இருக்குமா? நேற்றுக் காலை அதே வேன். போச்சு... வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

தாய்மாமன் இறங்கி, வாசலிலிருந்து என் கட்டில் வரை நடந்து வந்தார். ஒரு கால் தரையில் இழுபட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அன்று அவர் கும்பலோடு வந்து கும்பலோடு போனதும், நடுவில் நாற்காலியை விட்டு அசையவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க ஏன் உக்காரலன்னு இப்பம்ல தெரியுது!" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... "நீங்க ஏன் எந்திரிக்கலன்னும் தெரியுது" என்றேன்.

வீடே சிரித்தது. தன் காலை மறைக்கிறவனுக்கு அடுத்தவன் காலைப் பார்க்க நேரம் ஏது?

கல்யாணத்துக்கு முன்வரிசையில் எங்கள் இருவருக்கும் இப்போதே நாற்காலி சொல்லியாயிற்று.