கொட்டுச் சத்தம் இல்லாத வரவேற்பு

அப்போது நான் முதுகுளத்தூர்ப் பக்கம் வனத்துறையில் ரேஞ்சராக இருந்தேன். கொக்கும் நாரையும் கூடு கட்டும் கண்மாய் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்த கருவேல மரங்களை விறகுக்கு ஏலம் விட மேலிடம் முடிவு செய்தது. வேண்டவே வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாவட்ட வன அதிகாரி கிளம்பிவிட்டார். மரியாதையில் குறை வைத்தால் பொறுக்காத மனிதர் அவர். அதனால் கொட்டு, வேட்டு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, கண்மாய்க் கரையில் ஊர் ஜனங்களோடு மாலையும் கையுமாக நின்றேன்.

தூரத்தில் ஜீப் தெரிந்ததும் கொட்டுக்காரர் குச்சியை ஓங்கினார். அந்த ஊர் முத்தம்மா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

"அங்கன குஞ்சு பொரிச்சிருக்குய்யா! தீவாளிக்கே நாங்க வெடி போடமாட்டோம். வார ஆபீசருக்குப் போடுவோமா?"

அதோடு விட்டாளா? ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஜீப்பையும் மறித்து நிறுத்தினாள்.

"இறங்கி நடந்து வாங்க சாமி."

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அதிகாரி இறங்கினார். கரையில் நடந்தார். மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பறவைகள். எங்களைக் கண்டு ஒன்றுகூட எழும்பவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் காதருகே குனிந்தார்.

"ஊரே காவல் இருக்குய்யா. ஏலம் கிடையாது."

சந்தோஷத்தில் கைதட்டப் போனேன். முத்தம்மா முறைத்தாள்.

பிறகு எத்தனையோ பாராட்டு விழாக்களில் மாலை வாங்கிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு ஓர் ஊரே சிரித்த அந்த வெற்றிக்கு ஒன்றும் ஈடாகவில்லை.