சின்னத்தம்பி மகள் கருப்பாயி

நாற்பத்தொரு வயதில் அனுசியாவுக்குப் படிப்பு ஆசை வந்தது. வாரம் முழுக்கக் கையுறைத் தொழிற்சாலை. சனிக்கிழமை மலாக்கா டவுனில் கணினி டிப்ளோமா வகுப்பு. படித்ததை உடனே செய்து காட்ட வேண்டுமென்ற அவசரம் வேறு. பெம்பான் இலவச கிளினிக்கின் நோயாளிப் பதிவு கார்டுகளைத் தானாகவே போய்க் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். யாராவது கேட்டார்களா? இல்லை.

இன்று வகுப்பில் விரிவுரையாளர் காளிதாஸ், "பேரை மட்டும் பிரைமரி கீயா வெச்சிடாதீங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் காணாம போயிடுவார்," என்றார்.

தோட்டத்து ஆட்கள் சிலரிடம் ஐசி அடையாள அட்டை இல்லையென்று, ஆளைப் பிரித்துக் காட்டும் அந்தக் கீயாக அனுசியா வைத்தது பெயரும் தகப்பன் பெயரும்தான். அவள் பிறந்த தோட்டத்திலேயே சின்னத்தம்பி மகள் கருப்பாயி இரண்டு பேர். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். புத்தி எங்கே மேயப் போனதோ! அதில் மூத்தவளுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது, போட்டால் மூச்சடைத்துவிடும். போன வாரம்தான் தாதி தேவமலர் சொன்னாள்: "கருப்பாயி அம்மா பேரு ஏற்கெனவே இருக்கு, மாத்தவான்னு மிஷின் கேட்டுச்சுக்கா. ஓகே அமுக்கிட்டேன்லா."

அன்று வந்தது இளையவள். அழிந்தது மூத்தவளின் பதிவு. மூத்தவள் மருந்துக்கு வருவது சனிக்கிழமைகளில், அதாவது இன்று.

நான்கு முறை அழைத்தும் தேவமலர் போனை எடுக்கவில்லை. அனுசியா காரை எடுத்தாள். ஜாசின் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஹாரனை விடாமல் அமுக்கினாள். சாமி, அந்த அம்மா இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கிளினிக்கில் மூத்த கருப்பாயி கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தேவமலர் ஊசியில் பென்சிலினை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தேவா, போடாத!"

"அலர்ஜி ஒண்ணும் காட்டலையேக்கா."

"நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்," என்றாள் கருப்பாயி. "மிஷின்ல இல்லைன்னு இந்தப் புள்ள நம்பல."

அனுசியா ஊசியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். மறுநொடியே அடுத்த பயம் பிடித்தது. இன்னும் எத்தனை பேர்? பட்டியலைத் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அழிந்தவர்கள் யாரென்று அதில் எப்படித் தெரியும்?

"பழைய கார்டெல்லாம் எடு தேவா."

"ஏதுக்கா? இனிமே வேணாம், எரிச்சிடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அனுசியா முதலில் இருந்த சாமிக்கண்ணுவிடம் போய், "மாமா, ஒங்களுக்கு எந்த மருந்து ஆகாது?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "எனக்கென்னம்மா ஞாபகம் இருக்கு? அதான் எல்லாம் மிஷின்ல இருக்குன்னியே."