பெரியக்கா கேட்ட வண்டி

அந்தச் சரக்கு முனையத்தில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அங்கே வயதுக்கு மரியாதை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வரிசைக்குத்தான் மரியாதை. அவள் சேர்ந்தபோது லாரி ஓட்டிய ஒரே பெண். 'பொம்பளை ரிவர்ஸ் எடுக்கிறாளாம்' என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள், நீள டிரெய்லரை அவள் ஒரே மூச்சில் சரக்கு மேடையோடு ஒட்டி நிறுத்தியதும் வாயை மூடிக்கொண்டு கலைந்தார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தடத் தேர்வு. ஓட்டுநர்கள் சேர்ந்த வரிசைப்படி நின்று வேண்டிய வண்டியைக் கேட்டு வாங்குவார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புவது பகல் வண்டி ஒன்றுதான், அதனால் எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். முன்னால் நின்றவர் ஓய்வு பெற்றுவிட்டதால் இந்த முறை முதல் ஆள் பெரியக்கா. அவள் கணவர் பள்ளிக்கூடச் சமையல்காரர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, வீட்டில் தனியாகச் சாப்பிட்டுப் பழகிய மனுஷன்.

"இனிமேலாவது எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணாமா?" என்று புதுசாகச் சாப்பாட்டு மேசையே வாங்கிப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி புது வேலைப் பிரிவைக் கொண்டுவந்தது. இணைப்பணி ஓட்டுநராம். வண்டியையும் ஓட்டவேண்டும், போன இடத்தில் சரக்கையும் இறக்கவேண்டும். சம்பளம் மட்டும் குறைவு. இந்தக் கணக்கு எந்தப் புண்ணியவான் தலையில் உதித்ததோ! நிரந்தரமானவர்கள் எந்தப் பிரிவுக்குப் போனாலும் சம்பளம் குறையாது. அது சங்கம் எப்போதோ போராடி வாங்கிய ஒப்பந்தம். தேர்வில் கடைசியில் நிற்கும் புதியவர்கள் தலையில்தான் இது விடியும். சங்கக் கூட்டத்தில் பழையவர்கள் பலர், நமக்கென்ன என்று கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ நாங்க டிரைவர் இல்லையா?" என்று கேட்டாள், புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்தி. அந்தக் கேள்வி பெரியக்காவைத் தூங்கவிடவில்லை.

தேர்வு நாள். முதல் பெயரே அவளுடையது. மேலாளர் பகல் வண்டிச் சாவியைக் கையிலேயே எடுத்து வைத்திருந்தார்.

"எனக்கு இணைப்பணி வண்டி குடுங்க."

"அக்கா, மாத்திச் சொல்றீங்க..."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவளுக்குப் பின்னால் நின்ற வழுக்கைத்தலைக்காரர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு விஷயம் பிடிபட, வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கும் அதுவே போதும்!" அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று இணைப்பணி வண்டி அத்தனையும் முழுச் சம்பளக்காரர்கள் கைக்கே போயிற்று. மேலேயிருந்து யாராவது கீழே இறங்குவார்கள் என்று கம்பெனி கனவிலும் நினைக்கவில்லை. புதியவர்களுக்கு மிஞ்சியதெல்லாம் ஓட்டுநர் வண்டிகள், ஓட்டுநர் சம்பளத்தோடு. பகல் வண்டி, புதியவர்களில் முன்னால் நின்றவளுக்கு, சங்கக் கூட்டத்தில் கேள்வி கேட்டவளுக்கே போனது.

வீட்டில் கணவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம், "சரி விடு, மேசை எங்க ஓடிப்போகுது?" என்று, மூட்டை இறக்கப்போகும் அவள் இடுப்புக்கு இப்போதே தைலம் எடுத்து வந்தார்.

அந்த வருஷம் முழுக்க அவள் மூட்டை இறக்கினாள். இடுப்பு விட்டுப்போகும்; தலை மட்டும் நிமிர்ந்தே இருக்கும். ஒரு காசும் மிச்சம் பிடிக்க முடியாத கம்பெனி, அடுத்த தேர்வுக்கு முன்பே அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டது.

மறுபடியும் வரிசை, மறுபடியும் முதல் ஆள். இந்த முறை அவள் பகல் வண்டியைக் கேட்டாள்.

சாவியை நீட்டிய மேலாளருக்கு மனசு ஆறவில்லை. "இதைப் போன வருஷமே எடுத்திருக்கலாமேக்கா. வீணா ஒரு வருஷம் கஷ்டப்பட்டீங்க."

"போன வருஷம் எடுத்திருந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறது?" என்றாள் பெரியக்கா.