காந்திமதிநாத பிள்ளை போட்ட எல்லைக்கோடு

காந்திமதிநாத பிள்ளை காலமான செய்தியை, ஆழ்வார்திருநகரியிலிருந்து சாட்சி சொல்ல வந்த ஒருவர் பாளையங்கோட்டைக் கச்சேரி வாசலில் வைத்துச் சொன்னார். மாற்றலாகிப் போன ஊரில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது காரியங்கள்கூட முடிந்திருந்தன. அவரோடு தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவன், ஒரே கிரிக்கெட் கோஷ்டியில் ஆடியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மைதானம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் ஆடுவோம். எல்லை என்பது ஒரு பக்கம் வரப்பு, ஒரு பக்கம் பனை, மற்றப் பக்கங்களில் வாய்ப்பேச்சு. கல்லிடைக்குறிச்சிக்காரர்களோடு முதன்முதலில் ஆடியபோது, பந்து எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று வழக்கு வந்தது. பேச்சு முற்றி, எங்கள் ஆள் ஒருவர் மட்டையை ஓங்கிவிட்டார். அவர்கள் கோஷ்டியின் கிருஷ்ணையருக்குக் கை முறிந்தது. அத்தோடு இரண்டு ஊருக்கும் ஆட்டம் நின்றது.

மறுவாரம் பிள்ளை என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். கையில் கட்டுடன் இருந்த கிருஷ்ணையர் முதலில் முகங்கொடுக்கவில்லை.

"அடிச்சது எங்க ஆளு. தப்புதான்" என்றார் பிள்ளை. "எல்லை எங்கன இருக்குன்னு தெரியாமலே ரெண்டு பேரும் ஆடிட்டோம், ஐயர்வாள். அடுத்த தடவை நானே கோடு போடுதேன். சுத்திவர வெள்ளையாத் தெரியும்."

ஐயர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கோட்டை மிதிச்சுண்டு பந்தைப் பிடிச்சா?" என்று கேட்டார்.

"பிடி செல்லாது. நாலு ரன்."

"உங்க ஆளுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்."

அடுத்த அறுப்புக்குப் பின் ஆட்டம் கூடியது. பிள்ளை விடியற்காலையிலேயே வந்து, முளையடித்து, கயிறு கட்டினார். கோடு மறையாதபடி நெல்தாளை மண்ணோடு ஒட்ட அறுக்கச் செய்து, கயிற்றோரமாகச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்.

கடைசி ஜோடியில் கிருஷ்ணையர் நின்றார். ஒரு நாலு ரன் கிடைத்தால் அவர்களுக்கு ஜெயம். அவர் தூக்கி அடித்த பந்தை, ஓடிவந்த பிள்ளை தலைக்கு மேலே பிடித்தார். தூரத்தில் நின்ற அம்பயர் கையைத் தூக்கினார். எங்கள் கேப்டன் ஆவுடையப்ப பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி வீசினார். கச்சேரியில் அவர் எங்களுக்குத் தலைமைக் குமாஸ்தா.

பிள்ளை குனிந்து தம் காலைப் பார்த்தார். பந்தைக் கீழே வைத்தார்.

"குதிகால் கோட்டுல பட்டுட்டு. அவுட் இல்ல."

ஆவுடையப்ப பிள்ளை நெருங்கி வந்தார். "உம்மகிட்ட யாரு வே கேட்டா? அம்பயர் கையத் தூக்கியாச்சுல்லா?"

"அங்கன நிக்கிறவருக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? எனக்குத் தெரியுதே."

நாங்கள் தோற்றோம். அதற்குப் பிறகு அவரைக் கோஷ்டியில் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்களுக்கு முன்னால் போய்க் கோடு போட்டார். போட்டுவிட்டு, வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தார்.

"சேக்கமாட்டேங்காங்க. உமக்கு எதுக்கு வே இந்தப் பாடு?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கோடு இல்லேன்னா இன்னொருத்தன் கை முறியும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்திருக்கலாம். பிறகு ஆவுடையப்ப பிள்ளையே அவரை ஆடக் கூப்பிட்டார். அதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

நாங்கள் தோற்ற அந்த ஆட்டத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நான் நினைவில் வைத்துக்கொள்வது அதற்கு மறுநாள் காலையை. பிள்ளை வழக்கமான நேரத்துக்குக் கச்சேரிக்கு வந்தார். தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, தினமும் செய்வதுபோல ஆவுடையப்ப பிள்ளையின் மேசைமேல் வைத்தார். "போடுங்க, அண்ணாச்சி" என்றார். அவர் நிமிரவில்லை. பிள்ளை பெட்டியை எடுக்காமல் தம் இடத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினார். உச்சிப்பொழுதுவரை அது திறந்தபடியே இருந்தது. பிறகு ஆவுடையப்ப பிள்ளை, எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கையை நீட்டி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.