பல்லில்லாத வாய்க்கு விலா எலும்பு

அப்பாவுக்குப் பல் முழுவதும் எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறிய பிறகுதான் பல்செட் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை எங்களோடு இருக்கட்டும் என்று கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்தேன். வந்தவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. தட்டை அறைக்குள் எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குழைந்த சோற்றை விழுங்குவார். பேசும்போதும் துண்டால் வாயை மூடிக்கொள்வார். பன்றிக்கறி என்றால் எலும்பையே நொறுக்குகிற மனிதர். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கேக் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கிய ஓவன் சும்மாதான் கிடந்தது. பன்றி விலா எலும்பை முழுசாக ஃபாயிலில் சுற்றி வைத்து, குறைந்த சூட்டில் வேகவிட்டால் கறி தானாகக் கழன்று வரும் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரரைக் கறி வாங்க வெள்ளிமலைக்கு விரட்டினேன். வெட்டாமல் வாங்கி வரணும் என்று வண்டி கிளம்பும்வரை ஓதினேன்.

வந்த பையைப் பிரித்தால் எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. எங்கள் பக்கம் கறி என்றால் குழம்புக்குத்தான், முழுசாக வேண்டுமா என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது? இவர், பக்கத்தில் நின்ற ஆளோடு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் கறிக்காரர் வெட்டித் தள்ளிவிட்டாராம். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டி ஓய்ந்ததும் விட மனசில்லை. இஞ்சி, பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, அப்பா ஊர் வெல்லத்தையும் தட்டிப் போட்டுப் பிசறினேன். துண்டுகளை நெருக்கி அடுக்கி, ஃபாயில் பேப்பரில் இறுக்கிச் சுற்றி ஓவனுக்குள் தள்ளினேன். வேகிற எதையும் திறந்து கிளறாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. இவர் இரண்டு தடவை கரண்டியோடு வந்தார். நாற்காலியை ஓவன் முன்னால் இழுத்துப் போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டேன்.

வாசனை கூடத்தை நிறைத்தது. அப்பாவின் அறைக்கதவு கொஞ்சம் திறந்தது.

“இன்னா வாசன அது?”

ஃபாயிலைப் பிரித்து ஒரு எலும்பைப் பிடித்துத் தூக்கினேன். எலும்பு மட்டும் வெள்ளையாக வந்தது, கறி தட்டிலேயே தங்கிவிட்டது. நான் குதித்த குதியில் இவர் பயந்துபோனார்.

அப்பா பழக்கப்படி தட்டுக்குக் கை நீட்டினார்.

“ரூமுக்கெல்லாம் தர மாட்டன்பா. இங்கயே குந்தி சாப்புடு.”

சுவர்ப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்தார். ஒரு துண்டை ஈறில் வைத்து அமுக்கினார், கண்ணை மூடினார். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கொஞ்சங்கொஞ்சமாக எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். இரண்டு கையும் மசாலா. வாயை மூடுகிற துண்டு மடியில் விழுந்து கிடந்தது, அவர் அதைத் தேடவே இல்லை. நான் போட்ட சண்டையெல்லாம் அறைக்குள் கேட்டிருக்கிறது போல. இவரைப் பார்த்து, வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தார்.

“நல்லவேள வெட்டிக்கினு வந்தீங்க மாப்ள. முழுசா இருந்தா இன்னும் வெந்திருக்காது, நான் வாசனதான் புடிச்சிக்கினு இருந்திருப்பன்.”